கோடி வரும்வரை

“ரெண்டு மணின்னு சொன்னா ரெண்டு மணிக்கேவா எடுத்துடுவாங்க? பொறந்த வூட்டுக் கோடி வராம எந்த ஊர்ல பொணத்த எடுக்கறாங்க, பெரியவரே?” என்று கேட்டான் தனசேகரன்.

“எம்மச்சான் எடுத்துடுவான். ஒனக்கு அவனத் தெரியாது.”

தியாகதுருகத்துக்கு முன்னால், சாலையின் குறுக்கே வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்த புளியமரத்தில் கையூன்றி நின்றார் சுப்புராயன். விடியுமுன்பே மணலூர்பேட்டையிலிருந்து நடக்கத் தொடங்கியவர். கக்கத்தில், பிணத்துக்குப் பிறந்த வீட்டார் போர்த்தும் கோடிப் புடவை. வடக்கனந்தலில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை ஆண்டாள் நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில் இறந்துவிட்டாள். மணி இப்போது பதினொன்று. இன்னும் பாதி வழி இருந்தது.

இட ஒதுக்கீடு கேட்டு நடக்கும் சாலை மறியலின் மூன்றாம் நாள் அது. நடப்பவர்களைத் தடுப்பதில்லை, சக்கரம் எதுவும் போகக் கூடாது. கொடி கட்டிய ஒரே ஒரு சைக்கிள் மட்டும் மரத்துக்கு மரம் தகவல் கொண்டுபோகும். அதை வைத்திருந்த தனசேகரன் மரத்தின்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

“அப்படி இன்னா அவசரம் ஒம்மச்சானுக்கு?”

“அவன் பொறப்பே அப்படி. கெட்டிமேளம் கொட்றதுக்குள்ள தாலிய கட்டிட்டான். மேளக்காரன் அப்புறமா அடிச்சான்.”

மரத்தைச் சுற்றி இருந்த மறியல்காரர்கள் சிரித்தார்கள். சுப்புராயனுக்கும் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது.

மச்சான் தங்கதுரைக்கு ஊரில் ‘ஆச்சா’ என்றே பெயர். ஆண்டாள் உலை வைக்கும்போதே இலைமுன் உட்கார்ந்து, “ஆச்சா?” என்பான். அவள் தலை வாரும்போது வாசலில் செருப்போடு நின்று, “ஆச்சா?” என்பான். இருபத்திரண்டு வருடம் அவள் எதையும் உட்கார்ந்து செய்து சுப்புராயன் பார்த்ததில்லை. மறியல்காரர்கள் தூங்கும் ராத்திரியில் சாவுச் சேதியைக் கொண்டுவந்தவன்கூட சைக்கிளைவிட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி, “மதியம் ரெண்டு மணிக்கு எடுப்பு” என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்கு மிதித்தான். சுப்புராயன் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவருவதற்குள் தெரு காலியாகிவிட்டது.

“நாப்பது வருஷமா பொறு பொறுன்னே சொல்லிக்கினு இருந்தாங்க,” என்றான் தனசேகரன். “பொறுத்துப் பாத்தோம். அதான் இப்ப மரம் ரோட்ல கெடக்குது. கோச்சிக்காத பெரியவரே.”

“நான் இன்னா கோச்சிக்கறது? எங்கூர் ரோட்ல எம்மவனும் மரம் வெட்டிக்கினுதான் இருக்கான்.”

ஆடியில் ஆண்டாள் இரண்டு நாள் வந்திருந்தாள். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில், “அண்ணே, ஒண்ணு சொல்லணும்” என்றாள். தூரத்தில் பஸ் வந்தது. “அப்புறம் சொல்லலாம், ஏறு ஏறு, எடுத்துடுவான்” என்று அவளைத் தள்ளாத குறையாக ஏற்றி, பையை ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடித்துக் கொடுத்தார். அரை மணி கழித்து அடுத்த பஸ் இருந்தது. அது அவருக்குத் தெரியும். ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது, வாய் திறக்கவில்லை. என்ன சொல்ல வந்திருப்பாள்? விடியலிலிருந்து ஒவ்வொரு மரத்தையும் ஏறித் தாண்டும்போதும் அதையே கேட்டுக்கொண்டு வந்தார். நோவா? பட்டினியா? ஒன்றுமில்லாத ஏதோ ஒன்றா?

மேற்கே கல்வராயன் மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. தங்கதுரைக்கு அது போதும். மழை வருகிறது என்று சொல்லி ஒன்றரை மணிக்கே தூக்கச் சொல்லுவான்.

“எனக்கு சைக்கிள் வுடத் தெரியாது,” என்றார் சுப்புராயன், கொடி கட்டிய சைக்கிளைப் பார்த்தபடி. “பின்னால ஒக்காந்தாலும் மரத்துக்கு மரம் எறங்கி ஏற இந்தக் காலுக்கு முடியாது. நான் நடந்துடறேன்.”

தனசேகரன் கடலை உரிப்பதை நிறுத்தினான்.

“நீ தனியாளா போனா ஒண்ணரைக்குள்ள போயிடுவ. கொடி கட்ன சைக்கிளு, எவனும் நிறுத்த மாட்டான். வடக்கனந்தல்ல ஆச்சா வூடுன்னு கேட்டா கொழந்தகூட காட்டும். அண்ணங்காரன் கோடி எடுத்துக்கினு நடந்து வரான், வந்துக்கினே இருக்கான்னு சொல்லு. பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன். ஒரு தடவயாவது அவளுக்கோசரம் அவன காத்திருக்கச் சொல்லு. எனக்காக இல்ல. போறியாப்பா?”