பத்து மணிக்கு எடுக்கிற பால்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் வேலையைச் செய்வதில்லை. வேலைக்குப் பெயர் வைக்கிறார்கள். பெயர் வைத்தால் பாதி முடிந்ததாக நினைப்பு. மீதியை என்னைப் போன்றவன் செய்ய வேண்டும்.

திருவட்டாறு பக்கத்தில் பொன்னுலிங்கத்தின் ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருடமாகப் பால் வெட்டுகிறேன். விடியுமுன் மரத்தில் கத்தி போடுவேன். மரத்தில் கட்டிய சிரட்டை நிறைந்ததும் பாலை எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, மெஷினில் ஷீட் அடிப்பதும் நானேதான். ஷீட்டில் பாதி எனக்கு, பாதி அவருக்கு.

சித்திரையில் அவர் மகன் ஷிஜின் பொறுப்பெடுத்தான். நாகர்கோவிலில் காலேஜ் படித்தவன். மெஷின் நிற்கிற கொட்டகையில், நாங்கள் புரை என்போம், ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, என்னையும், புதிதாகக் கூட்டி வந்த ரத்தினத்தையும், சபிதாவையும் உட்கார வைத்தான்.

"இதுக்குப் பேரு வேலைப் பிரிவினை, பாட்டா. நீங்க வெட்டுனா போதும். ரத்தினம் அண்ணன் பால் எடுப்பாரு, சபிதாக்கா ஷீட் அடிப்பாவ. சீமையில முன்னே வீட்டுக்கு வீடு தறி இருந்துச்சு. எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வந்து, ஆளுக்கொரு வேலை கொடுத்த பெறவுதான் உற்பத்தி பெருகிச்சு."

"அந்தத் தறி வெச்சிருந்தவன் எங்க போனான்?" என்று கேட்டேன்.

"ஃபாக்டரிக்கு."

"யாருக்க ஃபாக்டரி?"

ரத்தினம் சிரித்தான். "அண்ணே, முதல் நாளே வாத்தியாருக்குப் பரீட்சையா?"

ஷிஜின் பலகையில் 'மூலதனம்' என்று எழுதி அடிக்கோடு போட்டான். "மூலதனம் எனக்க. உழைப்பு உங்களுக்க. அதுக்குத் தினக்கூலி. இனி பங்கு கிடையாது. நட்டம் வந்தாலும் எனக்குத்தான், உங்களுக்கு இல்ல."

பாதிப் பங்கு போனால் நான் வெறும் கூலிக்காரன். முடியாது என்றேன். கடைசியில் ஒரு மாதம் கூலிக்கு வெட்டிப் பார்ப்போம் என்றான். ஷீட் கூடவில்லை என்றால் பங்கு திரும்ப எனக்கு. கூடினால் கூலிதான். ஒத்துக்கொண்டேன்.

பால் எடுக்கிற வேலை இல்லாததால் தினமும் நூறு மரம் அதிகமாக வெட்டினேன். ஷீட்டும் கூடத்தான் செய்தது. பொய் சொல்ல மாட்டேன்.

இருபதாவது நாளோ என்னவோ, வெட்டி முடித்தபோது மணி எட்டரை. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. சிரட்டையில் தண்ணீர் விழாமல் மரங்களுக்கு மழைக்காகிதம் கட்ட இன்னும் நாள் இருந்தது. பத்து மணிக்குத்தான் பால் எடுப்பது என்று பலகையில் எழுதியிருந்தான். ரத்தினம் தோட்டத்தின் அந்தக் கடைசியில் இருந்தான். வாளிகள் புரைக்குள் பூட்டிக் கிடந்தன, சாவி ஷிஜினிடம். ஷிஜினுக்குப் போன் போட்டேன்.

"மழை வருது பிள்ளே. வாளியைத் தா, எடுத்திருதேன்."

"முந்தி எடுத்தா பால் குறையும் பாட்டா. ஃபோன்ல மழை பதினொண்ணுக்குத்தான் காட்டுது."

"வானத்துல இப்பமே காட்டுதே!"

வைத்துவிட்டான்.

என் வீடு கூப்பிடு தூரம்தான். இரண்டு குடம் கொண்டு வந்திருக்கலாம். பங்குக்கு வெட்டிய காலத்தில் அப்படி எத்தனையோ தடவை ஓடியிருக்கிறேன். அன்று ஓடவில்லை. மழை இறங்கியதும் புரை இறவாரத்தில் ஒதுங்கி நின்று, சிரட்டைகளில் பாலோடு தண்ணீர் நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நனைந்துகொண்டே பைக்கில் வந்தான் ஷிஜின். "வீடு இன்னா, பக்கத்துல கிடக்கு. ஒரு குடம் எடுத்துட்டு வரப்படாதா?"

"எடுக்கிறது ரத்தினத்துக்க வேலை. நான் வெட்டியாச்சு."

"வேணும்னே நின்னிருக்கிய பாட்டா."

"ஆமா. நட்டம் உனக்குத்தான்னு நீதானே மக்கா சொன்ன?"

ரத்தினம் தூரத்திலிருந்து, "ஒரு நாள் லீவு கிட்டிச்சு!" என்று கத்தினான்.

மாதம் முடிந்தது. பலகையில் கணக்கு. ஒரு நாள் பால் போயும் அறுபது ஷீட் கூடுதல்.

"பாத்தியளா? மழைக்காகிதமும் வாங்கியாச்சு. இனி அந்தப் பிரச்சினையும் இல்ல."

"அந்த அறுபதுல எனக்கு எத்தனை?"

"கூலி வாங்கினியளே பாட்டா."

"நூறு மரம் கூட வெட்டுனதுக்கு?"

"அதுதான் உற்பத்தித் திறன்."

சொன்ன சொல் சொல்தான், தோற்றது நான். பங்கு கேட்கவில்லை. கூலிக்கு நிற்கவும் மனமில்லை. கத்தி நான் காசு கொடுத்து வாங்கியது. அதை எடுத்துக்கொண்டேன்.

"நாளைக்கு வருவியளா?" ஷிஜினின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஒத்த மாசம், ஒத்த மழை. ஆனியும் ஆடியும் இனித்தான் வரணும். இந்தக் கணக்க வெச்சி என்னத்தலே நம்புறது?"

பலகையை என் பக்கம் திருப்பி அவன் இன்னும் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். நான் நடந்துவிட்டேன்.