எழுதிக் கொடுக்காத வசனம்

ஆறாவது தடவையும் லொரெட்டா சலவைக்கடை மேசையில் ஓங்கித் தட்டிக் கத்தினாள். ஆறாவது தடவையும் மிஸ்டர் சோ சிரித்துவிட்டார். பால்டிமோரில் அந்தத் தெருமுனையில் கடை வைத்திருக்கும் கொரியாக்காரர் அவர். அடுத்த சந்தில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்ணான லொரெட்டாவின் பஸ் டிரைவர் சீருடையைப் பத்தொன்பது வருடமாக அவர்தான் தேய்த்துக் கொடுக்கிறார். இமானி என்ற இளம்பெண் எடுக்கும் சின்னப் படத்தில் தெருக்காரர்களே தெருக்காரர்களாக நடித்தார்கள்.

"நம்ம ஆளுங்களுக்கும் கொரியாக்காரங்களுக்கும் நடுவுல தெருவுல இருக்கிற புகைச்சல் படத்துல தெரியணும். நீங்க என்னடான்னா கல்யாண வீட்டுல பேசிக்கிற மாதிரி பேசுறீங்க!" என்று இமானி தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு சோவை ஓரமாகக் கூட்டிப்போய்க் காதில் ஏதோ சொன்னாள்.

ஏழாவது தடவை.

"என் கோட்டைப் பொசுக்கிட்டு இல்லேன்னு சாதிக்கிறியா?"

சோ சிரிக்கவில்லை. "உங்க ஆளுங்க உள்ள வந்தாலே நான் கல்லாவுல கை வெச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

"பிடிக்கலேன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு உன் ஊருக்குப் போய்ச் சேரு!"

கடைசி இரண்டுமே எழுதிக் கொடுத்த வசனமில்லை. இமானியின் கண்கள் பளபளத்தன. "இதுதான். எனக்கு வேண்டியது இதுதான்."

அன்றிலிருந்து லொரெட்டாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸை நிறுத்தாமலே இரண்டு நிறுத்தங்களைத் தாண்டிப் போனாள். தன் அம்மாவின் சவ அடக்கத்துக்குக் கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் நின்ற மனிதர் சோ. அப்போதும் அவர் மனசில் அது இருந்ததா? சரி, தன் வாயில் வந்தது? யாரிடமும் ஒரு நாளும் சொன்னதில்லை. பின்னே எப்படித் திக்காமல் திணறாமல் வந்தது?

அந்த இடத்தை எடுத்துவிடச் சொல்லி இமானிக்குப் போன் செய்தாள்.

"அது இல்லேன்னா படமே இல்லக்கா. அவரும் வந்து வேணாம்னு சொல்லட்டும், எடுத்துடறேன்."

வியாழக்கிழமை லொரெட்டா கடைக்குப் போனாள். "அந்தப் பொண்ணு அன்னிக்கி உங்க காதுல என்ன சொல்லிச்சு?"

"உங்களுக்குக் கோபம் வர்ற மாதிரி எதையாச்சும் சொல்லுங்கன்னுச்சு."

"யோசிச்சுத்தான் சொன்னீங்களா?"

அவர் ஒரு சட்டைக் காலரை நீவினார். "யோசிக்கல. நீங்க?"

"நானும் யோசிக்கல."

மறுநாள் இருவரும் இமானியின் வீட்டுக்குப் போனார்கள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் பேசி வைத்திருந்தார்கள். "ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று இமானி கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

வசனம் வந்து போனது. அதற்கப்புறம்தான் லொரெட்டா அதைப் பார்த்தாள். சொல்லி முடித்த அந்தக் கணத்தில் தன் முகத்தில் ஒரு நிம்மதி. பெருஞ்சுமையை இறக்கிவைத்தவளின் நிம்மதி. பக்கத்தில் சோவும் திரையில் தன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துடட்டுமா?"

லொரெட்டா திரையில் இருந்த தன் முகத்தை நோக்கி இன்னும் குனிந்தாள். இமானியின் விரல் அழிக்கும் விசைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. திரையில் இரண்டு முகங்களும் அப்படியே உறைந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.