சந்தனப் பொட்டைச் சுற்றிப் போன கம்பி

பட்டாளத்தில் சிக்னல்ஸ் பிரிவில் பதினேழு வருஷம் வயர்லெஸ் செட்டுகளைப் பிரித்து மாட்டியவன் நான். சால்டரிங் அயனைப் பிடித்தால் கை நடுங்காது. ஓய்வு பெற்றதும் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அங்கேதான் ஆராய்ச்சி மாணவி யுவராணி வந்து, "பாக்டீரியாவ வச்சு சர்க்யூட் கட்டப்போறேன், பாண்டிதுரை அண்ணே" என்றாள்.

"வயித்துப்போக்கு குடுக்குற சாமானா வயர் இழுக்கப்போகுது?" என்றேன்.

"எம் பாக்டீரியா இழுக்கும்ணே."

அதன் மரபணுவை மாற்றி வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் தன் உடம்பிலிருந்து கண்ணுக்கே தெரியாத ஓர் இழையை நீட்டுமாம். இழையும் இழையும் பின்னிக்கொண்டால் மின்சாரம் ஓடுமாம். ஒரு கண்ணாடித் தட்டில் நெல் நீள இடைவெளி விட்டு இரண்டு தங்கப் புள்ளிகள். அதற்கு நடுவே இவள் பிள்ளைகள் குடியிருந்தன. சாப்பாடு சர்க்கரைத் தண்ணீர். பால்கோவா ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி வேறு எதைக் கொடுப்பாள் என்று கிண்டல் செய்வேன்.

அந்தத் துளி மின்சாரத்தைப் பெருக்கி விளக்காகக் காட்டும் போர்டு மட்டும் என் கைவேலை. அதில் பச்சை விளக்கு எரிந்த அன்றும் நான் நம்பவில்லை. ஈரத்தில் எதுவோ கசிகிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை ஆயுத பூஜைக்கு அவள் ஊருக்குப் போயிருந்தாள். அடுத்த திங்கட்கிழமை பல்கலைக்கழகக் குழு வருகிறது. அவர்கள் முன்னால் விளக்கு எரியாவிட்டால் மூன்று வருஷ ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள். இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும்.

மைக்ராஸ்கோப், சுவிட்ச் போர்டு, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். கண்ணாடித் தட்டு மூடியிருந்தது. மூடிக்கா பொட்டு வைப்பார்கள்? பட்டாளத்தில் பெட்டிக்கு வைத்துவிட்டு செட்டை விட்டவன் சுபேதாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். மூடியைத் திறந்து, தீக்குச்சி முனையால் சரியாக நடுவில் கடுகளவு சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் தொட்டுவைத்தேன். கற்பூரம் காட்டித் திரும்பினால் பச்சை விளக்கு அணைந்திருந்தது.

போர்டைச் சோதித்தேன். குறை இல்லை. பிறகுதான் செய்தது உறைத்தது. பேசாமல் துடைத்துவிட்டு, கரண்ட் போய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மனசு கேட்கவில்லை. போன் போட்டேன்.

அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தாள்.

"நாலு திட்டாவது திட்டிரு தாயி."

"தொடச்சீங்களா?"

"இல்ல."

"தொட்டுறாதீங்க. பொட்டுக்கு அடியில இருந்ததெல்லாம் செத்துப்போச்சு." மூடியை எடுத்து மூடினாள். "அறுந்தா அதுவாச் சேருமான்னு பாக்க ரெண்டு வருசமா நெனைக்கேன். அறுக்கத்தான் மனசு வரல."

"அது சேர நாலு நாளு போதுமா?"

"தெரியலண்ணே."

புதிதாக எதுவும் செய்யவில்லை. வழக்கமான சர்க்கரைத் தண்ணீர் மட்டும் ஊற்றினாள். வெள்ளி போனது. சனி போனது. விளக்கு எரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இறங்காமல் லீவு நாளிலும் போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் பச்சை விளக்கு ஒரு முறை மினுங்கியது. அணைந்தது. மறுபடி மினுங்கி, அப்படியே நின்று எரிந்தது.

ஓடிப்போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். நடுவில் சந்தனம் மலை மாதிரிக் கிடந்தது. அறுந்த முனையில் நின்றவை பக்கத்தில் இருந்தவற்றைக் கூப்பிட்டிருக்கின்றன. அவை அடுத்தவற்றைக் கூப்பிட்டிருக்கின்றன. பாதையில் கல் கிடந்தால் மாடு விலகிப் போவது போல, பொட்டின் ஓரமாக வளைந்து போய் மறுபக்கத்தைத் தொட்டிருந்தது அந்தக் கோடு. நான் பற்றவைத்த எந்தக் கம்பியும் அறுந்த பிறகு தன் மறுமுனையைத் தேடிப் போனதில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது. யுவராணிக்குப் போன் போட்டு, "எரியுது தாயி" என்றேன். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை குழுத் தலைவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிரவே இல்லை. குனிந்தபடியே கேட்டார்: "நடுவுல தடை வச்சுச் சோதிச்சது நல்ல யோசனை. யார் வச்சது?"

யுவராணி என்னைப் பார்த்தாள். நான் அட்டென்ஷனில் நின்றேன்.

"நான்தான் சார். மெஷினுன்னு நெனச்சுப் பொட்டு வச்சுட்டேன். உசுருன்னு அப்பத் தெரியல."