பேர் கூப்பிட்டதும்

பிரதேச சபை மண்டபத்தில் மரிய கொறற்றி காலை ஒன்பது மணியிலிருந்து காத்திருந்தாள். அவளுடைய பிரேரணை ஆறாவது. மேசைக்கு மேசை ஒரு கொக்கி. போன மாதம் வரை அதில் காதுக்கருவி தொங்கியது. யார் சிங்களத்தில் பேசினாலும் மொழிபெயர்ப்பாளர் நிரஞ்சனியின் குரல் அதைத் தமிழில் காதுக்குள் சொல்லும். பெண் உறுப்பினர்களுக்குப் பயிற்சி கொடுத்த வெளிநாட்டுத் திட்டத்தின் ஏற்பாடு அது. உதவி நின்றதும் கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நிரஞ்சனிக்கும் வேலை போனது. கொக்கியில் இப்போது கொறற்றியின் குடை தொங்கியது.

மேசையில் ஒரு தாள். நாலு வரி சிங்களத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அவளுடைய தேயிலைத் தோட்டத்து ஆற்றுப்பாலத்தை வெள்ளம் கொண்டுபோய் ஐந்து மாதம். மருமகள் டயனாவுக்கு இது எட்டாம் மாதம். கிளினிக் நாளில் கல்லுக்குக் கல் அவளைக் கைபிடித்துத் தாண்ட வைக்கும்போது கொறற்றி கீழே பார்ப்பதே இல்லை.

"பயமா இருக்கு மஸூதா."

டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் மஸூதாவும் உறுப்பினர்தான். "என்னத்துக்குப் பயம்? கூப்பிட்டா எழும்புங்க, வாசிங்க, இருங்க. அவ்வளவுதான்."

தவிசாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்க வாசித்தார். "மரிய கொறற்றி!"

இருபத்தாறு வருஷமாக, கொழுந்து பறிக்கப் போகுமுன் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடக் கேட்ட உடம்பு அது. பேர் விழுந்தால் குரல் கொடுத்துவிட்டு மலைக்கு நடக்க வேண்டும். "ஆமாங்க!" என்றாள். பையைத் தோளில் மாட்டினாள். விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள்.

"அக்கா! எங்க போறீங்க, கொழுந்து எடுக்கவா?" என்று மஸூதா கத்தினாள்.

மண்டபமே சிரித்தது. கொறற்றி வாசலில் நின்றாள். தாள் மேசையில் கிடந்தது. திரும்பிப் போய் எடுக்கக் கால் வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, சந்தையில் மரக்கறிக்கு விலை பேசும் சிங்களத்தில் சொன்னாள்: பாலம் இல்லை. மருமகள் பிள்ளைத்தாய்ச்சி. ஒருநாள் வந்து நீங்கள் அவளைக் கைபிடித்துத் தாண்ட வையுங்கள்.

சிரிப்பு நின்றது. தவிசாளர் வாக்குக் கேட்டதும் கைகள் உயர்ந்தன. இரண்டு பேர் மட்டும் உயர்த்தவில்லை.

"பாஸாயிட்டு அக்கா! நாளைக்கு காலையில அளக்க ஆள் வருமாம்," என்றாள் மஸூதா. கொறற்றி திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு கிளாஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

மறுநாள் பிரட்டுக்களத்தில் பனி விலகியபோது, கீழே ஆற்றங்கரையில் சபை ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள்.

"மெம்பரம்மா, உங்க பாலம் வருது!" என்று வரிசையில் பக்கத்தில் நின்ற சுந்தரம்மா முழங்கையால் இடித்தாள். கொறற்றிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியாக மலையேறினார்கள். அவர் பேர்ப் புத்தகத்தை மூடினார்.

"ஐயா, எம் பேரு?"

"நேத்து வரலைல்ல? இன்னைக்கு உனக்கு வேல இல்ல."

"சபைக்குப் போறேன்னு எழுதிக் குடுத்தேனுங்களே."

"தொரை இன்னும் கையெழுத்து வைக்கல."

களம் காலியானது. கீழே அளவு நாடாவை விரித்தவன், அந்த நுனியைப் பிடிக்க யாராவது வாருங்கள் என்று சிங்களத்தில் கத்தினான். அது அவளுக்கு விளங்கியது.

தலைக்கயிற்றில் வெறுங்கூடை ஆட ஆட கொறற்றி இறங்கினாள். ஈரக்கல்லில் கால் ஊன்றி, நாடாவின் நுனியை இழுத்துப் பிடித்தாள்.