தெரிந்தே பயந்தவர்

2025 நவம்பர் 22, சனிக்கிழமை, மாலை நான்கு மணி, முதலியார்பேட்டையில் தூறல். திரைப்படக் கழகத்தின் ஆண்டு விழாவுக்கு அரீபா தேர்ந்தெடுத்திருந்த கறுப்பு வெள்ளைத் திகில் படத்தை, வண்ணம் ஏற்றிய பிரதியில்தான் திரையிட வேண்டும் என்றார் தலைவர் தட்சிணாமூர்த்தி. வண்ணத்தில் அதன் உயிரே போய்விடும் என்பதில் அரீபாவுக்கு ஐயமில்லை.

"ரெண்டையும் பாத்துட்டு முடிவு எழுதுங்க சார்."

வண்ணப் பிரதியில், நாயகி தனியே இருட்டறைக்குள் நுழையும்போதே திரைச்சீலையின் ஓரத்தில் கொலைகாரனின் நீலச்சட்டை பளிச்சென்று தெரிந்தது.

தலைவர் சிரித்தார். "அங்கதான நிக்கிறான், இந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியலையா?"

அரீபா கறுப்பு வெள்ளைப் பிரதியை ஓடவிட்டாள். அதே ஓரத்தில் வெறும் இருள். நாயகி தீக்குச்சியை உரசியதும் அந்த இருளே ஒரு முகமாயிற்று. தலைவரின் தேநீர் வேட்டியில் கொட்டியது.

"எங்க நிக்கிறான்னுதான் தெரியுமே சார்?"

"தெரிஞ்சும் தூக்கிவாரிப் போடுதேம்மா!"

'கறுப்பு வெள்ளையே' என்று எழுதி, கையெழுத்திட்டு, அவளிடம் நீட்டினார்.