வேரோடு வந்த கம்பளி

அன்று பிற்பகல் அசர் தொழுகைக்கு முன், பினாங்கு டத்தோ கிராமாட்டில் உள்ள எங்கள் வீட்டு மேல்கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். குடும்பத்துக்கு மூத்தவனாகிய நான். என் தம்பி கமாலுதீன். சுங்கை பினாங்கு ஆற்றோரத்து ஆட்டுக் கொட்டகை அவன் பொறுப்பு. எங்கள் இருவருக்கும் இடையில் பிறந்த தங்கை சித்தி ஹாஜரா, கணவரை இழந்தவள். கொட்டகை ஆள் பக்கிரிசாமி. ஐந்தாமவர் ஹபீப் முகம்மது. அவர் மகனுக்குத்தான் என் மகள் ரொஸ்னாவைப் பேசியிருந்தோம். கூடத்தில் வேறு எவரும் இல்லை. தாமும் இருந்ததாகச் சொல்லித் திரிகிறவர்களை நம்ப வேண்டாம்.

1936 டிசம்பர். ஹபீப் முகம்மது மறுவாரம் ஹஜ்ஜுக்குக் கப்பலேற இருந்தார். அவரை வழியனுப்ப எங்கள் வீட்டில் கந்தூரிச் சாப்பாடு; சாப்பாடு முடிந்ததும் நிக்காஹ் தேதியைச் சபையில் சொல்வதாக ஏற்பாடு. அதற்கென்றே ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு லிங்கன் இனச் செம்மறிக் கிடாவை வரவழைத்திருந்தேன். சூலியா வீதியே திரண்டு வந்து பார்த்துவிட்டுப் போன கிடா. பின்கட்டில் சட்டிகளில் கறி வெந்துகொண்டிருந்தது. இஞ்சியும் பூண்டும் அளவுக்கு மீறி மணத்தன. வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

மதீனாவின் குளிருக்கு அவருக்கு ஒரு கம்பளி மேற்சட்டை பின்னித் தருவதாக ஹாஜரா சொல்லியிருந்தாள். அவள் கணவர் ஆஸ்திரேலியக் கப்பல்களில் மாலுமிகளுக்குத் தலைவராக, செராங்காக இருந்தவர்; அவர் கொண்டுவந்த கம்பளியில் நூற்றுப் பழகிய கை அது. எந்தக் கம்பளி என்று ஹபீப் முகம்மதே பார்த்துச் சொல்லட்டும் என்று மேலே அழைத்திருந்தேன்.

“வாங்க ஹாஜியார்” என்றேன்.

“கப்பல் இன்னும் புகையே விடலே, அதுக்குள்ளே ஹாஜியார் ஆக்கிட்டீங்களா மரைக்காயரே? அந்தப் பட்டத்தை காலையில நீங்க அனுப்பின ஈரல் வறுவலுக்குக் கொடுக்கலாம் லா. வீட்டுல யாருக்கும் வைக்காம நானே காலி பண்ணிட்டேன்.”

எந்தச் சிரிப்பிலும் முந்திக்கொள்ளும் கமாலுதீன் அன்று சிரிக்கவில்லை.

ஹாஜரா துப்பட்டி விரித்து முதல் மூட்டையைக் கொட்டினாள். “இது கல்கத்தா ஆடு. உடம்புல பட்டா முள்ளு மாதிரி குத்தும். தரையில விரிக்கத்தான் ஆகும். இது மெரினோ. நெளிவு எவ்வளவு நெருக்கமா இருக்கு பாருங்க, அமுக்கினா தானா எழும்பும். மேலுக்குச் சுகமா இருக்கும். ஆனா போடப் போட மணிமணியா உருண்டு வரும்.”

மூன்றாவது மூட்டையைப் பக்கிரிசாமி அவிழ்த்தான். சாண் நீளத்துக்கும் மேலான புரிகள், பட்டுப்போல மினுங்கின.

“நம்ம லிங்கன் கிடா” என்றான் கமாலுதீன். “இன்னைக்கு சுபுஹு தொழுகைக்குப் பிறகு கத்தரிச்சுட்டுத்தான் அறுத்தேன்.”

“அப்ப இதுதான் எனக்கு!” ஹபீப் முகம்மது ஒரு புரியை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். “இதைப் போட்டுக்கிட்டுத்தான் மதீனாவில தொழப் போறேன்.”

ஹாஜரா ஒரு புரியைச் சன்னல் வெளிச்சத்தில் பிரித்தாள். அதன் அடியை விரல்களால் தேய்த்தாள். மூட்டையின் ஆழத்திலிருந்து இன்னொன்றை உருவிப் பார்த்தாள். பிறகு கையைத் துப்பட்டியில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

“காக்கா, இதை நான் நூக்க மாட்டேன்.”

“ஏம்மா?” என்று கேட்டவர் ஹபீப் முகம்மது. அவளோ என்னைத்தான் பார்த்தாள்.

“சொல்லு” என்றேன். “இந்த வீட்டுல ஒளிச்சுப் பேசுற பழக்கம் இல்லே.”

“மத்த ரெண்டும் வெட்டுப்பட்ட நுனி. இது வேரோட வந்திருக்கு. தோல் செதிலும் ஒட்டியிருக்கு. கத்தரிக்கலே, கையால பிடுங்கினது.”

“உரிச்ச தோல்லேருந்து பிடுங்கினேன் லாத்தா. எப்படி எடுத்தா என்ன?” என்றான் கமாலுதீன்.

“காலையில உரிச்ச தோல் கம்பளியை இப்படி விடாது தம்பி. ஒரு நாளாவது மடிஞ்சு கிடந்து புழுங்கியிருக்கணும்.”

ஆனால் கிடா புல் தின்கிறது என்று முந்தின நாள் மாலை என்னிடம் சொன்னவன் அவன்தான்.

பின்கட்டில் அகப்பை சட்டியில் இடிக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் ஷாஃபி வழியினர். அறுக்காமல் செத்த ஆட்டின் கறி ஹராம் என்பது எல்லோருக்கும் பொது. எங்களுக்கு அதன் கம்பளியும் அசுத்தம். அதை உடுத்தித் தொழுதால் தொழுகை கூடாது.

“பக்கிரிசாமி.”

அவன் கமாலுதீனைப் பார்த்தான்.

“அங்கே என்ன பார்வை? என்னைப் பாரு.”

“தவுக்கே... நேத்து விடியக்குள்ளேயே வெறச்சுக் கெடந்துச்சு. உரிச்சு கறியை ஐஸுல போட்டோம். சின்ன தவுக்கேதான் யாருகிட்டயும் மூச்சு விடாதேன்னாரு.”

கமாலுதீனின் உதடுகள் வெளுத்திருந்தன. “ஊரையே கூப்பிட்டு அந்தக் கிடாவைக் காட்டினீங்க காக்கா. செத்துப்போச்சுன்னு உங்க முன்னாடி வந்து நான் எப்படிச் சொல்ல?”

ஹபீப் முகம்மது கையிலிருந்த புரியை மெல்லக் கீழே வைத்தார். அவர் கை தொண்டைக்குப் போயிற்று. ஈரல் என்ற சொல்லை எவரும் சொல்லவில்லை.

“மரைக்காயரே...” என்று ஆரம்பித்தார்.

நான் எழுந்து நின்றேன். “இருங்க. ரொஸ்னாவை உங்க வீட்டுக்குக் கொடுக்கிறதா இல்லே. அந்தப் பேச்சு இதோட முடிஞ்சது. கந்தூரியும் இல்லே.”

பக்கத்து அறையில் ரொஸ்னா பீங்கான் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

ஹபீப் முகம்மது கீழே இறங்கினார். குழாயடியில் அவர் வாய் கொப்பளிக்கும் ஓசை நெடுநேரம் மேலே கேட்டது. பிறகு ரிக்‌ஷாவின் மணி. மழை தொடங்கும் முன் சட்டிகளைத் திறக்காமலே பின்கட்டில் புதைக்கச் செய்தேன். அந்த மூட்டையும் அதே குழியில். கமாலுதீன் சுங்கை பாக்காப்புக்குப் போய்விட்டான். இந்த வீட்டில் அவன் பெயர் அதன்பின் சொல்லப்படுவதில்லை.

சம்பந்தத்தை ஹபீப் முகம்மது முறித்துவிட்டார் என்று சூலியா வீதியில் இன்றும் சொல்கிறார்கள். தவறு. அவர் சொல்வதற்கு முன் முறித்தவன் நான்.