மோனிகாவின் சிவப்பணுக்கள்

அன்று காலை கரண்ட் போகாமல் இருந்திருந்தால், கலைமதி அந்த ரத்தத்தைத் தன் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டாள். நடுவட்டத்தை அடுத்த ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அவள் லேப் டெக்னீஷியன். மெஷினில் ரத்தத்தை வைத்தால் அதுவே கணக்குப் போட்டுச் சீட்டுக் கொடுத்துவிடும். அன்று அது ஓடாததால் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டைத் தேய்த்து, சாயம் போட்டு, பழைய மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் இழுத்து வைத்துக்கொண்டு, மேகம் விலகக் காத்திருந்தாள்.

ரத்தம் மோனிகாவுடையது. கொழுந்து எடுக்கிற பெண், இருபத்திரண்டு வயது. மூன்று வருஷமாக இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் அளவு எட்டைத் தாண்டவில்லை. மேட்டில் நாலு வரிசை ஏறினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். அடிக்கடி கண் மஞ்சளாகும். வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள்.

வெளிச்சம் வந்ததும் கலைமதி குனிந்து பார்த்தாள். சிவப்பணு என்றால் இருபக்கமும் குழிந்த தட்டு. நடுவில் வெளிறித் தெரிய வேண்டும். இங்கே பாதிக்கு மேல் குழியே இல்லை. சின்னதாக, அடர்சிவப்பாக, உருண்டை உருண்டையாகக் கிடந்தன.

டாக்டர் கீர்த்திவாசன் எட்டிப் பார்த்தார். "தடிமனா தேய்ச்சிருந்தா அப்படித்தான் தெரியும், கலைமதி."

அவள் தன் விரலிலேயே குத்தி, அதே சாயத்தில் இன்னொரு ஸ்லைடு போட்டாள். அதில் எல்லாம் குழிந்த தட்டுகள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்த டாக்டர் நிமிர்ந்தார். "இது பரம்பரையா வர்றதா இருக்கலாம். அவங்க அம்மாவ வரச் சொல்லு."

மறுநாள் மோனிகாவின் அம்மா வேலாமணி வந்தாள். அவள் கண்ணிலும் லேசான மஞ்சள். பித்தப்பைக் கல்லுக்கு முன்பே ஆபரேஷன் ஆனவள். அவளுடைய ஸ்லைடிலும் அதே உருண்டைகள்.

"என்ற ரத்தத்துலதான் கோளாறுங்கிறீங்களா, அம்மிணி? எம் புள்ளைய நானே கெடுத்துப் போட்டனாக்கும்?" வேலாமணியின் குரல் உடைந்தது.

கலைமதி அவளை மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார வைத்தாள். "பாருங்கக்கா. இது உங்களுக்கும் பொறப்புலயே வந்ததுதானுங்க. யாரும் கேட்டு வாங்கறதில்ல. இந்த ரத்தத்தோட முப்பது வருசம் கொழுந்து எடுத்திருக்கீங்க, அதை நெனைங்க."

வேலாமணி ரொம்ப நேரம் பார்த்தாள். "ஏனுங்க, உருண்டையா இருந்தா என்னங்க?"

"குழிவா இருந்தா மடங்கி, நெளிஞ்சு, எந்தச் சந்துலயும் நுழைஞ்சு வந்துருமுங்க. உருண்டை மடங்காது. மண்ணீரல்ல சந்து ரொம்பச் சின்னது. அங்க மாட்டுனா ஒடைச்சுப் போட்டுரும். நாலு மாசம் இருக்க வேண்டிய அணு, மோனிகாவுக்குச் சில வாரத்துலயே போயிருது. அது ஒடையறதுலதான் கண்ணு மஞ்சளாகுது, உங்களுக்குப் பித்தப்பையில கல்லு வந்ததும் அதனாலதான். இரும்பு எவ்வளவு குடுத்தாலும் நிக்காதுங்க."

"அப்ப வழியே இல்லீங்களா?"

"இருக்குதுங்கக்கா."

கோயம்புத்தூரில் சோதித்து உறுதி செய்தார்கள். மோனிகாவின் மண்ணீரல் வீங்கி விலா எலும்புக்குக் கீழே இறங்கியிருந்தது. முதலில் தடுப்பூசிகள், சில வாரம் கழித்து மண்ணீரலை எடுக்கும் ஆபரேஷன். மண்ணீரல் இல்லாத உடம்பில் கிருமி சீக்கிரம் பரவும், காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்று டாக்டர் மூன்று முறை சொல்லி அனுப்பினார்.

நான்கு மாதம் கழித்து மோனிகா லேபுக்கு வந்தாள். கண் வெள்ளையாக இருந்தது. மெஷின் ஹீமோகுளோபின் பன்னிரண்டு புள்ளி ஒன்று என்று அடித்தது. நம்பாமல் கலைமதி ஸ்லைடும் போட்டுப் பார்த்தாள். அணுக்கள் அதே உருண்டைதான். ஆனால் உடைக்க ஆளில்லாமல் லென்ஸ் வட்டம் முழுக்க நிறைந்து கிடந்தன.

"மேல் காட்டுல கொழுந்து எடுக்கப் பேர் குடுத்துட்டேங்கக்கா," என்றாள் மோனிகா. "நேத்து உச்சி வரைக்கும் நிக்காம ஏறுனேன்."

அவள் பின்னால் வேலாமணி, காலை பஸ்ஸில் ஓவேலியிலிருந்து வந்து இறங்கிய தன் தங்கை சின்னம்மையைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கும் கண்ணு மஞ்சதானுங்க, அம்மிணி. ஊசின்னா பயப்படறா. நீங்க மொதல்ல அந்தக் கண்ணாடில என்ற அணுவக் காட்டுங்க, அப்பறம் குத்துங்க."